பழுது அவர்களுடையது, நாட்கள் நம்முடையவை

பதினான்கு மாதங்களில் மூன்றாவது முறையாக என் காரை அதைத் தயாரித்த நிறுவனம் திரும்ப அழைத்திருக்கிறது. முதல் முறை ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை. இரண்டாம் முறை எரிபொருள் பம்பில். இப்போது மறுபடியும் அதே பம்ப். சென்ற முறை மாற்றிப் பொருத்தியதும் குறையுள்ள தொகுதியைச் சேர்ந்ததாம். புணே புறநகரில் உள்ள பணிமனையில் ஆறு நாட்களாக வண்டி நிற்கிறது. உதிரிபாகம் இன்னும் வரவில்லை. அதுவரை மாற்று வாகனம் தருவீர்களா என்று கேட்டேன். அப்படி விதி எதுவும் இல்லை, ஆனால் பழுதுபார்க்க ஒரு ரூபாய்கூட வாங்கமாட்டோம் என்று பொறுப்பாளர் மரியாதையுடனேயே சொன்னார்.

அந்த 'ஒரு ரூபாய்கூட' என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

என் ஆய்வு புரந்தர் வட்டத்தின் கிணறுகளைப் பற்றியது. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை 42 கிணறுகளின் நீர்மட்டத்தை அளக்கிறேன். சாஸ்வட் வரை பேருந்து உண்டு. அதற்கப்பால் கிணறுகள் வயல்களுக்குள் சிதறிக் கிடக்கின்றன; அளவு நாடாவையும் மாதிரிக் குப்பிகளையும் ஐஸ் பெட்டியையும் சுமந்துகொண்டு நடந்து முடிக்க இயலாது. அதற்காகவே சேமிப்பைத் திரட்டி இந்தப் பழைய காரை வாங்கினேன். இரண்டாவது அழைப்பின்போது ஒரு சுற்று முழுவதும் தவறியது. பருவமழை ஓய்ந்தபின் நீர்மட்டம் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதே என் கேள்வி. அக்டோபர் நீர்மட்டத்தை நவம்பரில் போய் அளக்க முடியாது. என் அட்டவணையில் அந்த இடம் என்றைக்கும் வெற்றிடமாகவே இருக்கும்.

இம்முறை தவறவிடக் கூடாதென்று, நாமே ஓட்டும் வாடகைக் கார் ஒன்றை எடுத்தேன். ஆறு நாட்களுக்குப் பதினைந்தாயிரம் ரூபாய். இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய் என்பதை இங்குள்ள நண்பர்கள் அறிவார்கள். காப்பீட்டில் தினப்படிக்கென்று தனிக் கூடுதல் ஒன்று உண்டு. ஆனால் அது விபத்துக்குப் பிந்தைய பழுதுக்கானது, தயாரிப்புக் குறைக்கு அல்ல. கிடைத்த வாடகைக் காரும் என் காரின் அதே மாடலே. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து என்பதைத் தவிர வேறுபாடில்லை. பதிவுச் சான்றின் நகலில் இருந்த சேஸிஸ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் இட்டுப் பார்த்தேன். அதுவும் திரும்ப அழைக்கப்பட்ட வண்டிதான்! வாடகைக்கு விட்டவருக்கு இந்த அறிவிப்பைப் பற்றியே தெரிந்திருக்கவில்லை. எனக்கும் முதல் அறிவிப்பு நேராக வரவில்லை; அது காரின் முதல் உரிமையாளருடைய முகவரிக்குப் போயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது? இந்திய வாகன உற்பத்தியாளர் சங்கம் 2012 ஜூலையில் தானாக முன்வந்து திரும்பப் பெறும் நெறிமுறையைக் கொண்டுவந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் 110-ஏ பிரிவின் வழியே அரசுக்கு உத்தரவிடும் அதிகாரம் அளித்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. அரசு உத்தரவிட்டால் உற்பத்தியாளர் வண்டியின் விலையைத் திருப்பித் தரவேண்டும், அல்லது வேறு வண்டி தரவேண்டும், அல்லது பழுது நீக்க வேண்டும், அபராதமும் உண்டு. தானே குறையைக் கண்டு அறிவித்துத் திரும்பப் பெற்றால் அபராதம் இல்லை. இவை நல்ல ஏற்பாடுகளே. ஆனால் வண்டி பணிமனையில் நிற்கும் நாட்கள் யாருடைய கணக்கு என்ற கேள்வி இப்பிரிவில் எழுப்பப்படவே இல்லை.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் ஆறுதல் குறைவு. தயாரிப்புப் பொறுப்புக்காக அது 'தீங்கு' என்பதை வரையறுக்கும்போது, அப்பொருளுக்கே நேரும் சேதத்தையும் பொருளாதார இழப்பையும் விலக்கிவிடுகிறது. ஏர்பேக் வெடித்து நான் காயப்பட்டால் அது தீங்கு. அது வெடிக்காமலிருக்க நான் இழந்த ஆறு நாட்கள் தீங்கு அல்ல. சேவைக் குறைபாடு என்று வாதிட்டு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்தான். பதினைந்தாயிரம் ரூபாய்க்காக எத்தனை பேர் தவணை தவணையாக அலைவார்கள்?

இதை ஒரு ஆய்வு மாணவரின் வசதிக் குறைவு என்று ஒதுக்கிவிடக் கூடாது. நாட்டின் மிகப்பெரிய கார் நிறுவனம் 2023 ஜனவரியில் ஏர்பேக் கட்டுப்பாட்டுக் கருவியின் குறைக்காக 17,362 வாகனங்களைத் திரும்ப அழைத்தபோது, பாகம் மாற்றப்படும்வரை அவற்றை ஓட்டவேண்டாம் என்று அறிவுறுத்தியது. சரியான அறிவுரை. ஆனால் அன்றாடப் பிழைப்புக்கு வண்டியை நம்பியிருப்பவர் அதை எப்படிப் பின்பற்றுவார்? வாடகை டாக்சி ஓட்டுநருக்கு வண்டி நிற்கும் நாள் வருமானமற்ற நாள். வங்கித் தவணை நிற்பதில்லை. அவர் அறிவிப்பைப் பார்த்தும் பாராததுபோல் ஓட்டிக்கொண்டிருப்பார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். 'இலவசப் பழுது' அவருக்கு இலவசம் அல்ல. அவர் தள்ளிப்போடும் ஒவ்வொரு நாளும் அவருடைய பயணிகளுக்கும் சாலையில் செல்லும் பிறருக்கும் ஆபத்தானது. ஆகவே மாற்று வாகனம் என்பது சலுகை அல்ல, பாதுகாப்பின் ஒரு பகுதி.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. செலவை ஏற்றினால் நிறுவனங்கள் குறைகளை ஒப்புக்கொள்ளத் தயங்கும், மறைக்கவும் முயலும் என்பார்கள். தானாக முன்வருபவருக்கு அபராத விலக்கு அளித்ததன் காரணமும் அதுவே. அந்த விலக்கு நீடிக்கட்டும். ஆனால் அபராதம் தண்டனை. மாற்று வாகனம் பழுதுபார்க்கும் செலவின் ஒரு கூறு. பம்பின் விலையை நிறுவனம் ஏற்பதைத் தண்டனை என்று நாம் சொல்வதில்லை. மேலும் அச்செலவு இன்று மறைந்துவிடவில்லை. குறைக்குச் சற்றும் காரணமில்லாத உரிமையாளரின் தோளில் இறங்கியிருக்கிறது, அவ்வளவே.

கேட்பவை ஐந்து. வண்டி ஒரு நாளுக்கு மேல் பணிமனையில் நின்றால் மாற்று வாகனமோ விதிப்படி தினப்படியோ தரவேண்டும். உதிரிபாகம் கைக்கு வந்தபின்னரே வண்டியை வாங்கி நிறுத்த வேண்டும். ஓட்டவே கூடாத குறையென்றால் அறிவிப்பு நாளிலிருந்தே தினப்படி தொடங்க வேண்டும். அதே குறைக்காக இரண்டாம் முறை அழைத்தால் அதைத் தோற்றுப்போன பழுதாகக் கருதி, விலையைத் திரும்பப் பெறும் உரிமையை உரிமையாளருக்கு அளிக்க வேண்டும். கடைசியாக, அறிவிப்பு இன்றைய உரிமையாளருக்குச் சேர வேண்டும். பதிவு மாற்றம் அரசின் வாகனப் பதிவேட்டில் இருக்கிறது. பழுது நீக்கப்படாத வண்டியை வாடகைக்கு விடுவதைத் தடுக்கவும் அதே பதிவேடு போதும். 35க்கு மேற்பட்ட வண்டிகள் வைத்திருக்கும் வாடகை நிறுவனங்களுக்கு அமெரிக்கா 2016 முதல் இந்தத் தடையை விதித்திருக்கிறது.

வாகனங்களைச் சோதித்துச் சான்றளிக்கும் ஆராய்ச்சி நிறுவனம் இந்தப் புணே நகரின் வேதாள் குன்றின் மேல்தான் இருக்கிறது. பணிமனைக்குப் போகும்போதெல்லாம் அக்குன்றைப் பார்க்கிறேன். உலோகம் எத்தனை அதிர்வைத் தாங்கும் என்று அளக்க நம்மிடம் கருவிகள் இருக்கின்றன. ஒரு மனிதரின் ஆறு நாட்களை அளக்கச் சட்டத்தில் ஒரு வரி போதும். சட்டம், பொதுக்கொள்கை, போக்குவரத்துத் துறைகளில் ஆய்வு செய்யும் நண்பர்கள் இதை எடுத்து எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாளை காலை நான் புரந்தருக்குப் புறப்பட வேண்டும், அதே வாடகைக் காரில்தான்.