கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கட்டும்



முப்பது வருடம் மீத்தேனைக் கரும்பலகையில் கூட்டல் குறி போலத்தான் வரைந்தேன். நடுவில் கார்பன், நான்கு பக்கமும் ஹைட்ரஜன். ஒருநாள் பிளஸ் டூ மாணவி ஒருத்தி கேட்டாள்: "சார், இரண்டு ஹைட்ரஜனை எடுத்துட்டு இரண்டு குளோரின் வச்சா, பக்கத்துப் பக்கத்திலயும் வைக்கலாம், எதிரெதிராவும் வைக்கலாம். அப்போ இரண்டு பொருளா?"

"ஒண்ணுதான், எழுதிக்கோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

அது சாதாரணக் கேள்வி இல்லை. படம் தட்டையாக இருப்பதால் வந்த சந்தேகம். கார்பனின் நான்கு பிணைப்புகளும் நான்முகியின் மூலைகளை நோக்கி நிற்கின்றன என்று 1874-இல் சொன்ன வான்ட் ஹாஃப், அதைப் புரியவைக்க அட்டையில் மாதிரிகள் செய்தார். நம் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் கொலாஜன் புரதத்தின் மூவிழை அமைப்பைக் கண்டதும் உருண்டையும் குச்சியுமாக மாதிரி கட்டிப் பார்த்துத்தான். மேதைகளுக்கே கை தேவைப்பட்டது. பிள்ளைகளுக்கு மட்டும் படம் போதுமா?

போன வாரம், ஒரகடத்தில் வேலை பார்க்கும் பழைய மாணவன் 3டி பிரிண்டரில் அச்சிட்ட மாதிரி ஒன்றைக் கொண்டுவந்தான். பிணைப்புகளுக்கு இடையே 109.5 பாகை. இரண்டு குளோரினை எந்த இரண்டு இடத்தில் மாட்டினாலும், திருப்பினால் ஒரே உருவம்தான். அரை நிமிடத்தில் விளங்கிவிட்டது.

ஒன்று சொல்கிறேன். முழு மூலக்கூறாக அச்சிட்டுக் கண்ணாடி பீரோவில் வைத்தால், அதுவும் இன்னொரு படம்தான். அணுக்களையும் பிணைப்புகளையும் தனித்தனியாக அச்சிடுங்கள். பிள்ளைகளே மாட்டட்டும், தப்பாக மாட்டட்டும், கழற்றட்டும். நிஜத்தில் கார்பன் அணு கறுப்பு உருண்டை இல்லை, பிணைப்பு குச்சியும் இல்லை என்பதை ஆசிரியர் மறக்காமல் சொல்லவேண்டும். அச்சிடும் பி.எல்.ஏ. இழையே லாக்டிக் அமிலத்தின் பலபடி; அதுவும் ஒரு பாடம்.

அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் இந்த இயந்திரம் இருக்கிறது. இல்லாத அரசுப் பள்ளிகள் நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கமே உண்டு. இங்கே தொழிற்சாலைகளில் வடிவமைப்பு வேலை பார்க்கும் என் மாணவர்களே, அனுமதி கேட்டு, படித்த பள்ளிக்கு ஆளுக்கொரு செட் அச்சிட்டுக் கொடுங்கள். வகுப்புக்கு ஒன்று போதாது. நான்கு பேருக்கு ஒன்றாவது வேண்டும்.

அன்று கேள்வி கேட்ட பெண் இதைப் படித்தால்: நீ கேட்டது சரியான கேள்விதான் அம்மா. பதில்தான் தாமதமாகிவிட்டது.