பிடிக்கவில்லை என்றால் வேறு கடைக்குப் போகலாமே

போன கார்த்திகை மாதக் கடைசியில் ஒரு நாள் சாயங்காலம், எதிர்வீட்டுப் பெண் தாளும் பேனாவுமாக வந்து நின்றாள். "தாத்தா, ஒரு பெட்டிசன் எழுதித் தரணும்" என்றாள். எங்கள் தெருவில் யாருக்குப் பெட்டிசன் வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். முப்பத்து நாலு வருஷம் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து, ஊரார் எழுதிய பெட்டிசன்களைப் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தவன் நான். ரிட்டயர் ஆன பிறகு எழுதும் பக்கத்துக்கு மாறிவிட்டேன், அவ்வளவுதான்.

பிளஸ் டூ முடித்த பெண். மாசி வீதிகளை ஒட்டிய ஒரு பெரிய ஜவுளிக்கடையில் இரண்டு வருஷமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறாள். 'வேலை பார்க்கிறாள்' என்பதற்குப் பதில் 'நிற்கிறாள்' என்று கை தவறி எழுதிவிட்டேன். பரவாயில்லை, அதுவே சரியான வார்த்தை. கடையின் பெயர் வேண்டாம். காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பதரைக்கு வெளியே. தீபாவளி சீசனில் பதினொன்று. சேரும்போது ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் கிடையாது. முதல் மாதச் சம்பளம் 'டெபாசிட்' என்று பிடித்துக்கொண்டார்கள். ஸ்டாக் எடுத்தபோது இரண்டு சேலை குறைந்தது என்று அந்தக் கவுன்ட்டரில் இருந்த நான்கு பெண்கள் தலையிலும் விலையைப் பிரித்துப் போட்டார்கள். தீபாவளிக்கு இவ்வளவு விற்றால் இன்சென்டிவ் உண்டு என்று சொல்லி, விற்று முடித்த பிறகு 'டார்கெட்டை மாற்றிவிட்டோம்' என்றார்கள்.

இதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அண்ணாநகர்ப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலை கிடைத்தது. அங்கே மார்க் ஷீட் கேட்கிறார்கள். இங்கே, மூன்று மாதம் வேலை செய்துவிட்டுப் போ, அப்போதுதான் சர்டிபிகேட் என்கிறார்கள்.

அவள் அம்மா வாசற்படியில் நின்றபடியே சொன்னார்: "பிடிக்கலைன்னா வேற கடைக்குப் போங்கன்னு முதலாளி சொல்றாருண்ணே. சரி, போறோம்னு சொன்னா, விட மாட்டேங்கிறாரு."

அந்த அம்மாள் ஐந்தாவது வரை படித்தவர். ஆனால் விஷயத்தின் முடிச்சு இதுதான்.

எழுதுவதற்கு முன் கடைக்கு ஒரு போன் போட்டுப் பார்த்தேன். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். "சார், இது ஃப்ரீ மார்க்கெட். நாங்க சொல்ற கண்டிஷனுக்கு ஒத்துக்கிட்டுத்தானே சேர்ந்துச்சு அந்தப் பொண்ணு?" என்றார். போனை வைத்த பிறகு ராத்திரி முழுக்க அந்த 'ஃப்ரீ மார்க்கெட்' காதில் ஒலித்துக்கொண்டே இருந்தது.

சுதந்திரச் சந்தை என்றால் என்ன என்பதற்கு மதுரைக்காரர்கள் புத்தகம் படிக்க வேண்டியதில்லை. மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு ஒரு விடியற்காலையில் போனால் போதும். சாதாரண நாளில் மல்லிகை என்ன விலை, முகூர்த்த நாளில் என்ன விலை என்று நம் வீட்டுப் பெண்களுக்கு அத்துப்படி. பூ குறைவு, கேட்பவர் அதிகம் என்றால் ஏறும். வரத்து கொட்டினால் இறங்கும். கலெக்டர் உத்தரவு போட்டு விலை நிர்ணயிப்பதில்லை. நான் இதற்கு விரோதி அல்ல. எல்லாவற்றுக்கும் பெர்மிட் வாங்கிய காலத்தில் ஆபீசில் உட்கார்ந்திருந்தவன். ஒரு மூட்டை சிமென்ட்டுக்கு மனிதர்கள் எப்படி நடந்தார்கள் என்று பார்த்தவன். அந்தக் காலம் திரும்ப வேண்டாம்.

ஆனால் அதே பூ மார்க்கெட்டில் இன்னொன்றையும் பார்க்கலாம். பூ கொண்டுவந்த விவசாயி, விலை பிடிக்கவில்லை என்று மூட்டையைத் திருப்பி எடுத்துப்போக முடியாது. மாலைக்குள் மொட்டு விரிந்துவிடும், மறுநாள் அது குப்பை. நெல்லென்றால் ஒரு வாரம் போட்டு வைக்கலாம், மிளகாய் வற்றல் என்றால் குடோனில் ஏற்றலாம். பூ அப்படியில்லை. கமிஷன்காரருக்கும் அது தெரியும்.

உடல் உழைப்பும் பூவைப் போலத்தான். இன்றைக்கு விற்காத எட்டு மணி நேர உழைப்பை எடுத்து வைத்து நாளைக்குப் பதினாறு மணி நேரமாக விற்க முடியாது. இன்றைய கூலி போனால் போனதுதான். கடைக்காரருக்கு ஒரு பெண் வராவிட்டால் ஒரு கவுன்ட்டரில் கொஞ்சம் வியாபாரம் குறையும். அந்தப் பெண்ணுக்கு ஒரு மாதம் சம்பளம் வராவிட்டால் வீட்டு வாடகை நிற்கும். இரண்டு பேரும் சமமாக உட்கார்ந்து பேரம் பேசினார்கள் என்று சொல்வது, ஒரு பக்கத் தராசைக் கையால் அமுக்கிக்கொண்டு எடை சரி என்று சொல்வது மாதிரி.

நான் பள்ளிப்படிப்பைக் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது இங்கே தொடர்ந்து வாசிப்பவர்களுக்குத் தெரியும். இந்த 'ஃப்ரீ மார்க்கெட்' பேச்சுக்குத் தாய்வீடு ஒரு பிரெஞ்சு வார்த்தை. 'லெஸே ஃபேர்', அதாவது 'செய்ய விடுங்கள்'. பதினான்காம் லூயியின் மந்திரி கோல்பெர் வியாபாரிகளைக் கூப்பிட்டு, உங்களுக்கு என்ன உதவி வேண்டும் என்று கேட்டாராம். எங்களை எங்கள் பாட்டில் விட்டால் போதும் என்றாராம் ஒரு வியாபாரி. கதையாகவே இருக்கட்டும், எங்கள் வாத்தியார் இதை ரசித்துச் சொல்வார். அடுத்த வகுப்பில் அவரே சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சி நடந்துகொண்டிருந்த 1791-இல் லெ ஷபலியே சட்டம் என்று ஒன்று போட்டார்கள். தொழிலில் எல்லோரும் சுதந்திரம், ஆகவே முதலாளியும் கூட்டம் கூடக் கூடாது, தொழிலாளியும் கூட்டம் கூடக் கூடாது என்று. காகிதத்தில் சமம்தான். நான்கு முதலாளிகள் ஒரு விருந்து மேஜையில் பேசி முடிப்பார்கள், யார் கண்டுபிடிப்பது? நானூறு தொழிலாளி கூடினால் தெருவே தெரியும், போலீஸ் வரும். பிரான்ஸில் சங்கம் வைக்க முழு உரிமை கிடைக்க 1884 வரை ஆனது.

ஆடம் ஸ்மித் என்றால் முதலாளிகளின் குலதெய்வம் என்று நினைக்கிறோம். 1776-இல் வந்த அவருடைய புத்தகத்தில் இதே சங்கதி இருக்கிறது. கூலியை ஏற்றக் கூடாது என்பதில் முதலாளிகளுக்குள் எப்போதும், எங்கேயும் சத்தமில்லாத ஓர் உடன்பாடு உண்டு, அது கிடையாது என்று நினைப்பவனுக்கு உலகம் தெரியாது என்கிறார். வேலை நின்றால் முதலாளி ஒரு வருஷம் இரண்டு வருஷம் தாங்குவான், தொழிலாளிகளில் பலர் ஒரு வாரம் தாங்க மாட்டார்கள் என்கிறார். கூலியைச் சரக்காகத் தராமல் காசாகத்தான் தர வேண்டும் என்ற சட்டத்தை நியாயம் என்று ஒப்புக்கொள்கிறார். அவரை மேற்கோள் காட்டுபவர்கள் இந்தப் பக்கங்களுக்குப் போவதில்லை.

இப்போது அந்த மேனேஜர் சொன்னதற்கு வருகிறேன். சந்தை என்றால் 'வேண்டாம்' என்று சொல்லிவிட்டு நடந்து போக முடிய வேண்டும். விளக்குத்தூணில் ஒரு கடையில் சேலை விலை படியவில்லை என்றால் நாம் அடுத்த கடைக்கு நடக்கிறோம். அந்த நடைக்குப் பயந்துதான் கடைக்காரர் விலையைக் குறைக்கிறார். நம் செருப்பை அவர் வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டால் எந்தக் கடைக்கு நடப்பது? மார்க் ஷீட்டைப் பூட்டி வைப்பதும் ஒரு மாதச் சம்பளத்தை அமுக்கி வைப்பதும் அதுதான். ஒரு கடையை விட்டு வந்தவரைப் பழைய முதலாளியைக் கேட்காமல் சேர்ப்பதில்லை என்று சில கடைக்காரர்கள் தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள் என்று அந்தப் பெண் சொன்னாள். அப்படியென்றால் சுதந்திரச் சந்தையை உடைப்பது தொழிலாளர் இன்ஸ்பெக்டர் அல்ல, இவர்கள்தான்.

கடைக்காரர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. தெற்கு மாசி வீதியில் சின்னதாக ஜவுளிக்கடை வைத்திருந்த நண்பர் ஒருவர் எனக்கு உண்டு, இப்போது இல்லை. வாரம் ஒரு நாள் எல்லோருக்கும் லீவு விட்டு, எட்டரைக்குக் கடையடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடை பதினொன்று வரை திறந்திருக்கும். "நான் நல்லவனா இருந்தா வாடகை கட்ட முடியாதுய்யா" என்பார். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-லேயே வந்துவிட்டது. ஒரு நாளைக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி, வாரம் ஒரு நாள் சம்பளத்தோடு விடுமுறை, கூடுதல் நேரத்துக்கு இரட்டைச் சம்பளம். ஆறு மாதம் தொடர்ந்து வேலை செய்தவரைத் தகுந்த காரணமும் ஒரு மாத நோட்டீசும் இல்லாமல் நிறுத்தக் கூடாது. இந்தச் சட்டத்தை எல்லாக் கடையிலும் ஒரே மாதிரி அமல்படுத்தியிருந்தால் முதலில் பிழைத்திருப்பவர் என் நண்பர்தான். ஒருவர் மட்டும் கடைப்பிடித்தால் அது அவருக்குத் தண்டனை.

உட்காரும் விஷயத்துக்கும் இது பொருந்தும். கேரளத்தில் கடைப் பெண்கள் பல வருஷம் போராடி 2018-இல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள். நம் சட்டசபையில் 2021 செப்டம்பரில் மசோதா வந்து, 1947 சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. ஊழியர்கள் எல்லோருக்கும் இருக்கை வசதி வேண்டும், வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காரலாம். அப்போது பெரிய புதுமை என்று பத்திரிகைகள் எழுதின. இங்கிலாந்தில் 1899-லேயே மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கை என்று சட்டம் வந்தது. பிரான்ஸில் 1900 டிசம்பரில், எத்தனை பெண்களோ அத்தனை இருக்கை. எமில் ஸோலா 1883-இல் பாரிஸின் பெரிய ஜவுளிக்கடை ஒன்றை வைத்து நாவல் எழுதினார். கிராமத்திலிருந்து வந்த பெண்கள், மாடியறையில் தங்கல், சீசன் முடிந்ததும் ஆளைக் குறைப்பது எல்லாம் அதில் வரும். மாணவனாகப் படித்தபோது எங்கோ வெள்ளைக்காரர் ஊர்க் கதை என்று நினைத்தேன். 2010-இல் 'அங்காடித் தெரு' பார்த்துவிட்டு வெளியே வரும்போது எனக்கு ஸோலாதான் நினைவுக்கு வந்தார். அந்தப் பெண்ணைக் கேட்டேன், உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கிறதா என்று. "இருக்கு தாத்தா. அதுமேல சேலைக்கட்டு அடுக்கியிருக்கும்" என்றாள்.

பெட்டிசனுக்கு வருவோம். எல்லாக் கோபத்தையும் கொட்டினால் பெட்டிசன் நிற்காது. சேர்ந்த தேதி, விலகிய தேதி, மாதச் சம்பளம், பிடித்த தொகை, கேட்கும் தொகை. இவ்வளவுதான். ஆர்டர் இல்லையே என்று அவள் பயந்தாள். பேங்க் பாஸ்புக்கில் மாதா மாதம் சம்பளம் ஏறியிருக்கிறது, இ.எஸ்.ஐ. நம்பர் இருக்கிறது, கடை பெயர் போட்ட அடையாள அட்டை கழுத்தில் தொங்குகிறது. இதைவிட என்ன ஆர்டர்? 2019-இல் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்திருக்கிறது. அதன்படி வேலையை விட்டு நின்றவர் தானாக விலகியவராக இருந்தாலும் இரண்டு வேலை நாளுக்குள் பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்துவிட வேண்டும். சரக்குக் குறைந்தது என்று பிடிப்பதானால், அது அவருடைய கவனக்குறைவால்தான் என்று காட்டி, அவர் பதிலைக் கேட்ட பிறகே பிடிக்கலாம். நான்கு பேர் தலையில் பங்கு போடுவதற்கு இடமில்லை. பேரப்பிள்ளைகள் கடை வேலைக்குப் போகிறார்கள் என்றால், முதல் நாளிலிருந்து உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம் இரண்டையும் ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம், விட்டுவிட்டு வரக் கூடாது.

மூன்று பிரதி எடுத்து, ஒன்றைக் கடைக்கே தபாலில் அனுப்பினோம். தொழிலாளர் துறை அலுவலகத்துக்கு ஒன்றை நேரில் கொடுத்து ரசீது வாங்கினோம். கடைக்குத் தபால் போய்ச் சேர்ந்த நான்காம் நாள் கூப்பிட்டு மார்க் ஷீட்டையும் டி.சி.யையும் கொடுத்துவிட்டார்கள். டெபாசிட் என்று பிடித்த சம்பளமும் வந்தது. சேலைக்குப் பிடித்தது பாதி வந்தது. மருந்துக்கடையில் சேர்ந்துவிட்டாள். அங்கே பில் போடும் இடத்தில் நாற்காலி இருக்கிறது.

இன்சென்டிவ் மட்டும் பாக்கி. வாய்ப்பேச்சாகச் சொன்னதற்கு என்ன ஆதாரம் என்கிறது கடை. அவளோடு நின்ற மூன்று பெண்களில் ஒருத்தி சாட்சி சொல்ல வருகிறேன் என்றிருக்கிறாள். மற்ற இருவரும் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார்கள், அவர்களைக் கூப்பிட மனம் வரவில்லை. அடுத்த விசாரணைக்கு நானும் கூடப் போகிறேன்.