முதல் மீட்டர் யாருக்கு?

கோடை நெருங்கினால் சென்னையில் பழைய விவாதம் ஒன்று தலைதூக்கும்: வீட்டுக் குடிநீருக்கு மீட்டர் வைத்து, ஓடிய அளவுக்குப் பணம் வாங்கலாமா? தண்ணீர் உரிமை என்கிறது ஒரு தரப்பு; விலை இல்லாத பொருள் வீணாகும் என்கிறது மற்றது. இரு தரப்பும் கவனிக்கத் தவறுவது, இன்றைய ஏற்பாட்டில் யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதை. மீட்டர் இல்லாத வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று நெடுங்காலம் இருந்தது. பிறகு கூடியபோதும், எவ்வளவு எடுத்தாலும் ஒரே தொகை என்ற முறை மாறவில்லை. இதில் ஆதாயம், தரைக்கடியில் சம்ப்பும் மாடியில் தொட்டியும் நடுவில் மோட்டாரும் வைத்திருப்பவருக்கு. குழாயில் தண்ணீர் வரும் கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு நாளைக்கு வேண்டியதைப் பிடித்துக்கொள்வார். நொச்சிக்குப்பம் போன்ற கடலோரக் குடியிருப்புகளிலோ சேமிப்பு என்றால் பெரும்பாலும் குடமும் டிரம்மும்தான். குடத்தை மாடிக்குத் தூக்குவது பெண்கள். மீன் விற்கப் போகவேண்டிய நேரம் அதில் கரைகிறது. அந்த நேரத்துக்கு எந்த ரசீதும் இல்லை.

ஆகவே அளவுக்கேற்ற கட்டணத்தை இவ்விதழ் ஆதரிக்கிறது. மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைகள் வந்தன. 2024-இல் நெம்மேலியிலேயே நாளுக்கு 15 கோடி லிட்டர் ஆலை சேர்ந்தது. மின்சாரம் தின்னும் இந்த நீரை மாதம் ஒரு சிறு தொகைக்கு வரம்பின்றிக் கொடுப்பது கட்டுப்படியாகாது. ஆனால் அளவு கூடக்கூட விலை ஏறும் படிநிலைக் கட்டணத்தை வடிவமைக்கும்போது நம்மவர்கள் இணைப்பை எண்ணுகிறார்கள், குடும்பத்தை எண்ணுவதில்லை. எட்டுக் குடும்பங்கள் பங்கிடும் ஒரே இணைப்பில் குடும்பத்துக்கு மாதம் பத்தாயிரம் லிட்டர் என்றாலும் மீட்டர் எண்பதாயிரம் காட்டும். ஏழைகள் மேல்படி விலையில் மாட்டுவார்கள். டெல்லியில் 2015 முதல் மாதம் 20,000 லிட்டர் வரை இலவசம்; தாண்டினால் மொத்தத்துக்கும் கட்டணம். ஓடும் மீட்டர் உள்ள இணைப்பு இல்லாதவருக்கு அந்தச் சலுகை எட்டாது.

விட்டுவிட்டு வரும் விநியோகத்தில் மீட்டர் காற்றுக்கும் சுற்றும் என்ற ஆட்சேபம் நியாயமானது. முதல் வேகத்தில் குழாயிலிருந்து சீறும் காற்றுக்கும் பணம் கேட்டால் மக்கள் மீட்டரை உடைப்பார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காற்றுப்போக்கி வால்வும் ஓரளவு நிலையான அழுத்தமும் இல்லாத பகுதியில் பில் போடக்கூடாது. கட்டணம் வந்தால் அடுக்ககங்கள் ஆழ்துளைக் கிணற்றுக்கும் டேங்கர் லாரிக்கும் ஓடும் என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். கரையோரத்தில் அதிகம் உறிஞ்சினால் உப்புநீர் உள்ளே ஏறும். நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-லேயே சட்டம் வந்துவிட்டது. கிணற்றிலிருந்து எடுத்தாலும் கழிவுநீர் நம் சாக்கடைக்கே வருகிறது. எனவே அடுக்ககக் கிணறுகளுக்கும் மீட்டர் வேண்டும். நொச்சிக்குப்பம் போன்ற அரசு வாரியக் குடியிருப்புகளிலும் மீட்டர் வைக்கலாம், பில் இல்லாமல்: ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற விதிமுறை அளவில் எத்தனை லிட்டர் உண்மையில் போய்ச் சேர்ந்தது என்று வாரந்தோறும் வெளியிட அந்த எண்கள் போதும்.