ஒன்றுக்கு அடுத்தது பத்தா?

சகோதரிகளே, கம்ப்யூட்டர் என்றதும் "இது வீட்டுக்காரர் சமாசாரம்" என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இது நம் அஞ்சறைப்பெட்டி விஷயம் மாதிரிதான். கடுகு இருக்க வேண்டிய கிண்ணத்தில் வெந்தயம் இருந்தால் தாளிப்பு என்ன ஆகும்? அதே சங்கடம்தான் ஃபோல்டரிலும்.

குழந்தையின் தடுப்பூசி அட்டை, மாமனாரின் சர்க்கரை ரிப்போர்ட், பட்டா, சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போது படம் பிடித்து வைத்துக்கொள்கிறோம். எங்கள் பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் இதற்கு வேறு காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26-ல் கடல் உள்ளே வந்தது. 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல். 2015-ல் வெள்ளம். டிரங்குப் பெட்டியை நம்பினால் போதாது என்று இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் சேர்த்து வைப்பதோடு வேலை முடிந்ததா? வரிசை சரியாக இல்லாவிட்டால், இருந்தும் இல்லாத கதைதான்.

எங்கள் தெருவில் ஒரு வீட்டில் நடந்ததைக் கேளுங்கள். மாமியாருக்குச் சர்க்கரை. மருமகள் கெட்டிக்காரி. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் படம் எடுத்து "சுகர் 1", "சுகர் 2" என்று பெயர் போட்டு, பன்னிரண்டு வரை செல்போனில் வைத்திருந்தாள். டாக்டரிடம் போனபோது போனை அப்படியே நீட்டினாள். அவரும் பட்டியலில் கடைசியாக இருந்ததைத் திறந்து பார்த்துவிட்டு, "இவ்வளவு ஏறியிருக்கே, இன்சுலினைக் கூட்ட வேண்டியதுதான்" என்றாராம். நல்லவேளை, கிழவிக்கு ஞாபகசக்தி அதிகம். "டாக்டரய்யா, அது போன தீபாவளிக்கு முன்னாடி எடுத்ததுங்க. இப்பத்தான் எறங்கியிருக்குன்னு சொன்னாங்களே" என்று தடுத்திருக்கிறார். டாக்டர் திறந்தது ஒன்பதாவது ரிப்போர்ட். இறங்கியிருக்கிற சர்க்கரைக்கு இன்சுலினைக் கூட்டினால் என்ன ஆகும் என்று சர்க்கரைக்காரர் உள்ள வீடுகளுக்குத் தெரியும். வியர்த்துக்கொட்டி மயக்கமே வந்துவிடும்.

பன்னிரண்டு இருக்க ஒன்பது எப்படிக் கடைசிக்குப் போனது? கம்ப்யூட்டர், செல்போன் இதெல்லாம் பெயரை இடது பக்கத்திலிருந்து ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும். 10 என்பது அதற்குப் பத்து அல்ல. ஒரு 1, பிறகு ஒரு 0. இரண்டோடு ஒப்பிடும்போது முதல் எழுத்து 1, அது 2-ஐவிடச் சின்னது, ஆகவே 10 முன்னால் போய்விடும். வரிசை 1, 10, 11, 12, 2, 3 என்று போய் 9-ல் முடியும். அகராதியில் "க" வில் தொடங்கும் சொல் எத்தனை நீளமானாலும் "ச" வுக்கு முன்னால் வருகிறதல்லவா, அந்தக் கணக்குத்தான்.

2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து ஃபோல்டர் ஜன்னலில் எண்ணை எண்ணாகவே பார்க்கும் புத்தி வந்துவிட்டது. ஆனால் டிவியில் செருகும் பெண்டிரைவ், சில செல்போன் செயலிகள் இவற்றிடம் இன்னும் பழைய புத்திதான். திருப்பாவை முப்பதையும் பெண்டிரைவில் ஏற்றி மார்கழியில் போட்டுப் பாருங்கள். முதல் பாட்டு முடிந்ததும் பத்தாவது பாட்டு பாடும்!

இதற்கு மருந்து சுலபம். 1 என்று எழுதாமல் 01 என்று எழுதுங்கள். நூறைத் தாண்டும் என்று தோன்றினால் 001. எந்த மெஷினானாலும் வரிசை பிசகாது.

தேதி வைத்துப் பெயர் போடுகிறவர்களுக்கு இதைவிடப் பெரிய வில்லங்கம் காத்திருக்கிறது. நாம் நாளை முதலில் எழுதுகிறவர்கள். 28-11-2023, 12-01-2024, 05-03-2024 என்று மூன்று ரிப்போர்ட் இருந்தால், பெயர்வரிசையில் 05 முதலில், 12 அடுத்து, 28 கடைசியில் வரும். அதாவது புதிது தலையில், பழசு வாலில். அப்படியே தலைகீழ்! மாதத்தைப் பெயராக எழுதினாலும் விமோசனம் இல்லை. ஏப்ரலும் ஆகஸ்டும் ஜனவரிக்கு முன்னால் போய் உட்காரும். ஆண்டு, மாதம், நாள் என்று எழுதுங்கள்: 2024-03-05. தேதியை இப்படி எழுதுவதற்கு 1988-லேயே சர்வதேச விதி வகுத்துவிட்டார்கள். ஜப்பான்காரர்களும் சீனர்களும் எப்போதும் ஆண்டைத்தான் முன்னால் எழுதுகிறார்கள். இடையில் சாய்கோடு போடாதீர்கள், விண்டோஸ் ஏற்காது. சின்னக் கோடுதான்.

தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. யூனிகோடில் நம் எழுத்துக்களை அடுக்கியபோது இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவான ஒரு வரிசையைப் பின்பற்றினார்கள். அதில் "ன" போய் "ந" வுக்குப் பக்கத்திலும், "ற" போய் "ர" வுக்குப் பக்கத்திலும் உட்கார்ந்துவிட்டன. புள்ளி, கொம்புக்கும் காலுக்கும் பின்னால் போய்விட்டது. அதனால் கமலாவுக்கு முன்னால் கனகா வருவாள், அக்காவுக்கு முன்னால் அகிலா வருவாள். பள்ளிக்கூடத்தில் நாம் படித்த வரிசைப்படி இரண்டுமே தப்பு. தமிழுக்கென்று சரியான வரிசைமுறையும் வகுத்து வைத்திருக்கிறார்கள். அதைக் கைக்கொள்ளும் மென்பொருளில் ஒழுங்காக வரும், மற்றதில் வராது. நாம் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பெயருக்கு முன்னால் 01, 02 போட்டுவிட்டால் தீர்ந்தது.

இனி அந்தச் சின்ன ஜன்னல். ஏதாவது விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் ஏற்றும்போது "எந்த ஃபைல்?" என்று கேட்டு ஒரு ஜன்னல் திறக்குமே, அதுதான். பரபரப்பில் பழைய சான்றிதழை ஏற்றிவிட்டு விண்ணப்பம் திரும்பி வந்த கதைகள் ஊருக்கு நாலு இருக்கும். அந்த ஜன்னலில் வெற்றிடத்தில் எலியின் வலது பொத்தானை அழுத்துங்கள். "வியூ" என்பதில் "டீடெயில்ஸ்" தேர்ந்தெடுத்தால் மேலே "நேம்", "டேட் மாடிஃபைட்" என்று தலைப்புகள் தெரியும். "டேட் மாடிஃபைட்" மேல் ஒரு தட்டு தட்டுங்கள். புதியது மேலே வரவில்லையென்றால் இன்னொரு தட்டு, வரிசை புரண்டுவிடும். ஃபைல்கள் "இன்று", "போன வாரம்" என்று கூறுகூறாகப் பிரிந்து நின்றால், அதே வலது பொத்தானில் "குரூப் பை" போய் "நன்" கொடுங்கள். 2019-க்குப் பிறகு வந்த விண்டோஸில் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் பிறந்ததிலிருந்தே இப்படிக் கூறு போட்டுத்தான் இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஃபைல் எதுவும் தொலைந்துபோகவில்லை.

ஒரு எச்சரிக்கை: அந்த "டேட்" ரிப்போர்ட் எடுத்த தேதி அல்ல. இரண்டு வருஷத்துக்கு முந்தைய ரிப்போர்ட்டை நாத்தனார் இன்று வாட்ஸ்அப்பில் அனுப்பி, நீங்கள் இன்று இறக்கி வைத்தால், அது இன்றைய தேதியோடு தலையில் ஏறி நிற்கும். டாக்டருக்கு வேண்டியது காகிதத்தில் அச்சடித்த தேதி. அதைப் பெயரில் எழுதி வைத்தால்தான் உண்டு.

வீட்டில் ஆளுக்கொரு ஃபோல்டர் போடுங்கள். உள்ளே "2024-03-05 சர்க்கரை", "2024-03-05 கண்" என்று தேதி முன்னால், விஷயம் பின்னால். பழைய ஃபைல்களை மாற்ற அலுப்பாக இருக்கிறதா? முதலில் எல்லாவற்றையும் ஒரு பெண்டிரைவில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு முதல் ஃபைலைத் தொட்டு, விசைப்பலகையின் மேல்வரிசையில் உள்ள எஃப் 2-ஐ அழுத்திப் புதுப் பெயர் எழுதுங்கள். எழுதியதும் என்டர் தட்டாமல் டேப் தட்டினால், அடுத்த ஃபைலின் பெயர் தானாகத் திறந்துகொள்ளும். குழந்தை மத்தியானம் தூங்கி எழுவதற்குள் ஒரு ஆளின் ஃபோல்டர் முடிந்துவிடும்.