‘இந்த வயசுல அப்படித்தான்’ என்பது நோயறிதல் அல்ல

எக்ஸ்ரே எடுக்கும் முன்பும் மருந்து எழுதும் முன்பும் இளம்பெண்ணிடம் கர்ப்பமா என்று தவறாமல் கேட்கிறோம். நாற்பத்தைந்தைக் கடந்தவரிடம் அந்தக் கேள்வியை விட்டுவிடுகிறோம். அதற்குப் பதிலாக வேறு எதையும் கேட்பதில்லை. மாதவிடாய் நின்றுவிட்டதா, எப்போது, தானாகவா அறுவை சிகிச்சையாலா என்ற வரி நம் பல் மருத்துவக் கேஸ் ஷீட்களில் இடம்பெறுவது அரிது.

மேலைநாட்டுப் பாடநூல்கள் சொல்லும் 51 வயதை மனத்தில் வைத்திருந்தால் நாம் தாமதித்துவிடுவோம். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதிலேயே மாதவிடாய் நின்றுவிடுகிறது. “கர்ப்பப்பை எடுத்தாச்சு டாக்டர்” என்று ஒருவர் சொன்னால், சினைப்பைகளையும் எடுத்தார்களா என்று அடுத்து கேட்க வேண்டும். எடுத்திருந்தால், அவருக்கு வயது முப்பத்தெட்டே ஆனாலும் ஈஸ்ட்ரோஜன் சட்டென்று சரிந்திருக்கும். வாய்ச் சளிச்சவ்வு, உமிழ்நீர்ச் சுரப்பிகள், ஈறு, தாடையெலும்பு எல்லாவற்றிலும் அந்த ஹார்மோனுக்கான ஏற்பிகள் உள்ளன. வாய் வறட்சியும் அதைத் தொடரும் வேர்ச் சொத்தையும் நமக்குப் பழக்கமானவை. வேர்ச் சொத்தைக்கு ஃபுளோரைடு வார்னிஷைத் தாமதிக்காமல் பூச வேண்டும்.

என் கவலை நாக்கெரிச்சலைப் பற்றியது. “ரசம்கூட இறங்க மாட்டேங்குது” என்று வரும் அம்மாவிடம், “இந்த வயசுல அப்படித்தான்” என்று சொல்லி விட்டமின் மாத்திரையுடன் அனுப்பிவிடுகிறோம். எரிவாய் நோய் என்பது மற்ற காரணங்களை எல்லாம் விலக்கிய பிறகே வைக்க வேண்டிய பெயர். தினமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல், மூன்று மாதங்களுக்கு மேல் எரிச்சல் நீடிக்க வேண்டும். சளிச்சவ்வும் இயல்பாக இருக்க வேண்டும். ரத்தசோகை, பி12 குறைபாடு, சர்க்கரை, தைராய்டு, பல்செட்டின் அடியில் பூஞ்சை ஆகியவை இல்லையென்று தெரிய வேண்டும். நம் ஊரில் விலக்க வேண்டிய இன்னொரு காரணமும் உண்டு: பாக்குப் பழக்கம். வெற்றிலை பாக்கு போடுகிறாரா என்று கேட்டு, வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளந்து, கன்னத்தின் உட்புறத்தை விரலால் தடவிப் பார்க்காமல் ஹார்மோன் மேல் பழி போடக் கூடாது.

தோலுரியும் ஈறழற்சியையும் ஒரு காலத்தில் ஹார்மோன் குறைவு என்றே எழுதினார்கள். பயாப்ஸியும் இம்யூனோஃபுளோரசென்ஸும் வந்த பிறகுதான் அதில் பெரும்பகுதி லைக்கன் பிளானஸ், பெம்ஃபிகாய்டு என்று தெரிந்தது. சளிச்சவ்வு பெம்ஃபிகாய்டு கண்ணுக்குப் பரவினால் பார்வையே போகலாம். ஐம்பது வயதுப் பெண்ணின் ஈறு சிவந்து உரிந்தால் பயாப்ஸி எடுங்கள்.

இனி எலும்பு மருந்துகள். “தினமும் மாத்திரை எதுவும் சாப்பிடுறீங்களா?” என்றால் “இல்லை” என்பார், அது உண்மையும்கூட. அவர் போட்டுக்கொள்வது ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசியாகவோ ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரானிக் அமிலமாகவோ இருக்கலாம். வாரம் ஒருநாள் வெறும் வயிற்றில் போட்டு அரை மணி நேரம் படுக்காமல் இருக்கச் சொன்ன மாத்திரையாகவும் இருக்கலாம். தெளிவாகவே கேளுங்கள்: “எலும்புத் தேய்மானத்துக்கு ஊசி போட்டீங்களா?”

2003-இல் தாடை அறுவை நிபுணர் மார்க்ஸ், சோலெட்ரானிக் அமிலம் போன்ற மருந்துகளால் வரும் தாடையெலும்பு அழிவைப் பற்றி எழுதியதிலிருந்து நம்மில் பலருக்கு ஒரு பயம். பல்லெடுக்க மறுக்கிறோம், அல்லது ஊசியை நிறுத்தச் சொல்கிறோம். இரண்டும் தவறு. புற்றுநோய்க்கான அளவு வேறு; எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் இந்த ஆபத்து ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே. சீழ்பிடித்த பல்லை அப்படியே விடுவதும் தாடையெலும்புக்கு ஆபத்துதான். டெனோசுமாப்பை நிறுத்தினால் முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். கடைசி ஊசி போட்டு மூன்று நான்கு மாதம் கழித்துப் பல்லை எடுத்துவிட்டால், புண் ஆறி, அடுத்த ஊசியும் காலம் தப்பாது. எழுதிக்கொடுத்த மருத்துவரோடு பேசி நாளைக் குறியுங்கள்.

எலும்புத் தேய்மானத்தை முன்பே சந்தேகிக்கவும் நம்மால் முடியும். நாம் எடுக்கும் ஓபிஜி படத்தில் பல்லை மட்டும் பார்த்துவிட்டு உறையில் போட்டுவிடுகிறோம். மாதவிடாய் நின்ற பெண்ணின் படம் என்றால் மென்டல் ஃபொராமனுக்குக் கீழே கீழ்த்தாடையின் கார்டெக்ஸையும் அளந்து பாருங்கள். 3 மி.மீ.-க்குக் குறைவாக இருந்தாலோ அரித்ததுபோல் தெரிந்தாலோ அவரை டெக்ஸா ஸ்கேனுக்கு அனுப்புங்கள். கடிதத்தில் அந்த அளவையும் எழுதுங்கள்.