டாக்டருக்கு சட்டசபையில் என்ன வேலை?

எம்.பி.பி.எஸ். படித்த ஒருவர் தேர்தலில் நின்றால் போதும், டீக்கடையிலிருந்து காலேஜ் கேன்டீன் வரை ஒரே டயலாக்தான். "ஒரு மெடிக்கல் சீட்டை வேஸ்ட் பண்ணிட்டாருப்பா!" அரசாங்கம் செலவு செய்து படிக்க வைத்தது, வார்டில் நோயாளி காத்திருக்கிறார், இவரோ மேடையில் மைக் பிடிக்கிறார்... கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் கணக்கு தப்பு நண்பர்களே!

எப்படி என்று பார்க்க முத்துலட்சுமி ரெட்டியின் கதைக்குப் போவோம். கர்ப்பிணிகளுக்கான தமிழக அரசின் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறதே, அந்தப் பெயருக்கு உரியவர்தான்.

1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தவர். ஊர்க் கல்லூரியில் ஒரு பெண் பையன்களோடு உட்கார்ந்து படிப்பதா என்று எதிர்ப்பு கிளம்பியது. அதையும் தாண்டி சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து 1912-ல் டாக்டரானார். 1925-ல் இங்கிலாந்து போய் பெண்கள், குழந்தைகள் நோய்கள் பற்றி மேற்படிப்பு. திரும்பி வந்த கொஞ்ச நாளிலேயே சென்னை மாகாண சட்டசபையில் நியமன உறுப்பினர். அந்த சபைக்குள் நுழைந்த முதல் பெண் அவர்தான். 1927-ல் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுத்தார்கள்.

நம் கேன்டீன் நீதிபதிகள் அன்று இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? "லண்டன் படிப்பு வேஸ்ட்!"

கொஞ்சம் யோசியுங்கள். உடம்பு முழுசாக வளராத வயதில் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட ஒரு சிறுமி பிரசவத்துக்கு வருகிறாள். டாக்டர் போராடுகிறார். காப்பாற்றலாம், முடியாமலும் போகலாம். அடுத்த வாரம் அதே வயதில் இன்னொரு சிறுமி. இந்த நோய்க்கு மருந்துக்கடையில் மருந்து கிடையாது. சட்டப் புத்தகத்தில்தான் இருக்கிறது. பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கிய சாரதா சட்டம் 1929-ல் வந்தது. வயதை உயர்த்த வேண்டும் என்று சட்டசபையில் வாதாடியவர்களில் இந்த டாக்டரும் ஒருவர்.

அடுத்தது தேவதாசி முறை. கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடப்பட்ட குடும்பங்களுக்கு மானிய நிலம் இருந்தது. கோயில் சேவை செய்தால்தான் நிலம். சேவையை விட்டால் சோறு போச்சு! பெண்ணை மீட்க ஆசைப்படுகிற தாய்கூட என்ன செய்வாள்? வெறும் உபதேசத்தால் இந்த முடிச்சு அவிழுமா? முத்துலட்சுமி முயற்சியால் 1929-ல் வந்த சட்டத் திருத்தம் சேவையையும் நிலத்தையும் தனித்தனியாகப் பிரித்தது. சேவையை விட்டாலும் நிலம் போகாது. நோயின் வேர் எங்கே என்று தேடிப் பிடித்து வெட்டுவது டாக்டர் வேலை இல்லையா?

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. சத்தியமூர்த்தி போன்ற பெரிய தலைவரே எதிர்த்தார். தேவதாசிகளிலும் பலர், "எங்கள் பிழைப்பும் கலையும் என்னாவது?" என்று மனு கொடுத்தார்கள். அந்தக் கேள்வியைச் சும்மா தள்ளிவிட முடியாது. எந்த வைத்தியத்துக்கும் பக்க விளைவு உண்டு, அதைப் பேசத்தான் வேண்டும். ஆனால் பேச வேண்டிய இடமும் சபைதானே, ஆபரேஷன் தியேட்டர் இல்லையே!

இன்னொரு குறையும் சொல்லலாம். பொட்டுக்கட்டுவதைத் தடுக்க அவர் 1930-ல் கொண்டுவந்த மசோதா சட்டமாக 1947 வரை ஆனது. 17 வருஷம்! அதற்குள் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்த்திருக்கலாம்? உண்மைதான். ஆனால் ஒரு டாக்டர் பார்க்கும் நோயாளிகளுக்கு அவர் ஆயுளோடு கணக்கு முடிகிறது. சட்டத்தின் கணக்கு அவருக்குப் பிறகும் ஓடும். சீட் வேஸ்ட் என்பவர்கள் செலவை மட்டும் எழுதிவிட்டு வரவுப் பக்கத்தைக் காலியாக விடுகிறார்கள். இது என்ன பேலன்ஸ் ஷீட்?

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்காரவும் இல்லை. 1930-ல் காந்தி கைதானதும் பதவியைத் தூக்கி எறிந்தார். ஆதரவில்லாத பெண்களுக்கு அவ்வை இல்லம் தொடங்கினார். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், விடாமல் அலைந்து 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறக்க வைத்தார். மருத்துவத்தை எங்கே விட்டார் சொல்லுங்கள்?

இதனால் வெள்ளைக் கோட்டு போட்டவர்கள் எல்லாரும் சபைக்குப் போனால் நாடு சரியாகிவிடும் என்று அர்த்தமில்லை. பெயருக்கு முன்னால் இருக்கும் 'டாக்டர்' போஸ்டருக்கு மட்டும் பயன்பட்டால், தாராளமாகத் திட்டுங்கள். சுகாதார பட்ஜெட் விவாதத்தில் வாயே திறக்காத டாக்டர் உறுப்பினர் நிஜமாகவே ஒரு சீட்டை வீணாக்கியவர்தான். ஒன்றல்ல, இரண்டு! மெடிக்கல் சீட் ஒன்று, சட்டசபை சீட் ஒன்று.

ஆக, "ஏன் ஆஸ்பத்திரியை விட்டு வந்தீர்கள்?" என்று கேட்பதை நிறுத்துவோம். அடுத்த முறை ஒரு டாக்டர் ஓட்டுக் கேட்டு வந்தால் இப்படிக் கேளுங்கள்: "வார்டில் பார்த்ததில் எதைச் சபைக்கு எடுத்துக்கொண்டு போகப் போகிறீர்கள்?"

பதில் வரவில்லையா? அப்போது சொல்லுங்கள், சீட் வேஸ்ட் என்று!