டாக்டர் காட்டிய வழி, வட்டிக்காரன் பிடித்த வழி

கெட்டுப்போன சிறுநீரகத்தைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இன்னொன்றை மாட்டுகிறார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம், மில்லில் தேய்ந்த பாகத்தை மாற்றுவதைப் போல! அப்படியல்ல, தோழர்களே. பழையது பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். புதியது அடிவயிற்றில், இடுப்பெலும்பின் குழிவில், குடல் இருக்கும் பையைத் திறக்காமலே வைக்கப்படுகிறது. காலுக்குப் போகும் ரத்தக் குழாய்களோடு அதன் குழாய்களைத் தைக்கிறார்கள். மூத்திரப்பையும் பக்கத்திலேயே இருக்கிறது.

1951-ல் இந்த வழியை வகுத்தவர்களில் முன்னணியில் நின்றவர் பாரிஸ் டாக்டர் ரெனே க்யூஸ். 1913-ல் பிறந்தவர். மூத்திர உறுப்புகளுக்கு ரண சிகிச்சை செய்வதே அவர் தொழில்.

அன்று சிறுநீரகம் எங்கிருந்து வந்தது? மரண தண்டனையில் தலை துண்டிக்கப்பட்ட கைதிகளின் உடலிலிருந்து! படிக்கும்போதே மனம் கூசுகிறது. வேறொரு நோயாளிக்குச் சிகிச்சைக்காக அகற்றப்பட்ட சிறுநீரகத்தையும் க்யூஸ் பயன்படுத்தினார். எதுவும் நிலைக்கவில்லை. கையின் குற்றமல்ல அது. அந்நியச் சதையை உடம்பு ஏற்க மறுத்தது. க்யூஸ் தோல்வியை மூடி மறைக்கவில்லை. இன்றைய அறிவின் நிலையில் ஒரே கருவில் பிறந்த இரட்டையரிடையே மட்டும்தான் இதற்கு நியாயம் உண்டு என்று அந்த 1951-லேயே எழுதிப் பிரசுரித்தார். தன் நோயாளிகள் மாண்டதைச் சபையில் எடுத்து வைக்க நெஞ்சுரம் வேண்டும்.

1952 டிசம்பரில் பாரிஸ் நெக்கர் ஆஸ்பத்திரிக்கு 16 வயதுத் தச்சுத் தொழிலாளி ஒருவன் வந்தான். உயரத்திலிருந்து விழுந்து சிறுநீரகம் சிதைந்து, அதை எடுத்துவிட்டார்கள். பிறவியிலேயே அவனுக்கு இருந்தது அது ஒன்றுதான். தாய் தன்னுடையதைக் கொடுத்தாள். டாக்டர் லூயி மிஷோன் குழு, க்யூஸ் காட்டிய வழியில் அதைப் பொருத்தியது. சிறுநீர் இறங்கியது! மூன்று வாரம் நன்றாக ஓடியது. பிறகு நின்றது. பையன் பிழைக்கவில்லை.

1954-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே, இரட்டையரிடையே அதே இடத்தில் வைத்து வெற்றி கண்டார். 1990-ல் நோபல் பரிசும் பெற்றார். க்யூஸ் ஓயவில்லை. 1960-ல் பாரிஸை அடுத்த சுரேன் ஊரில், உறவே இல்லாதவர்களிடையே மாற்றினார். கதிர்வீச்சாலும் மருந்தாலும் உடம்பின் எதிர்ப்பை அடக்கினார். நோயாளிகள் மாதக்கணக்கில் உயிரோடிருந்தார்கள். 2006-ல் க்யூஸ் காலமானார். பரிசு யாருக்கு நியாயம் என்பதை டாக்டர்களே பேசிக்கொள்ளட்டும்.

நமக்கு வேறு கணக்கு இருக்கிறது. அந்தத் தாய் ரசீது எழுதிக் கேட்கவில்லை. க்யூஸ் வகுத்த வழிக்கு உலகில் எவரும் வாடகை கட்டுவதுமில்லை. சென்னைக்கும் வந்தது அந்த வழி. கூடவே சந்தையும் வந்தது. வில்லிவாக்கத்தைக் 'கிட்னிவாக்கம்' என்றே ஊர் ஏசும்படி ஆயிற்று!

1994-ல் சட்டம் போட்டு விற்பனையைத் தடுத்தார்கள். அதற்கு ஏழு ஆண்டு கழித்து, 2001-ல், சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் விசாரித்து ஆய்வாளர்கள் கணக்கெடுத்தார்கள். நூற்றுக்கு 96 பேர் விற்றது கடனை அடைக்க. அடைந்ததா? நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனிலேயே இருந்தார்கள்! குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. உடல்நிலை கெட்டதாகச் சொன்னவர்கள் நூற்றுக்கு 86. மூட்டை தூக்கியும் தறி ஓட்டியும் பிழைப்பவனுக்கு உடம்புதானே முதல்? அதில் கை வைத்த பிறகு கூலி எப்படி நிற்கும்?

சட்டத்தைப் பாருங்கள். பணம் கொடுத்தவன், வாங்கியவன், தரகன் எல்லோருக்கும் ஒரே பிரிவில் தண்டனை. கடனுக்காக வயிற்றைக் கிழித்துக் கொடுத்தவனும் குற்றவாளி. அவனை அந்த மேஜை வரை துரத்திய வட்டிக்காரன் மட்டும் அந்தப் பிரிவில் இல்லை. இது என்ன நீதி? விற்றவனை வழக்கிலிருந்து விடுவிக்க வேண்டும். அவன் ரத்தத்தையும் சிறுநீரையும் ஆண்டுதோறும் சர்க்கார் ஆஸ்பத்திரி இலவசமாகச் சோதிக்க வேண்டும். கந்துவட்டி நோட்டை முதலில் பறிமுதல் செய்ய வேண்டும்.